கூரைத் துணிக்குள் மஞ்சள் டேப்

சேகர் மாப்ளைக்கு, உன் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்காரவிடாத மச்சான் எழுதுவது.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, நம் கார் எலக்ட்ரீசியன் சங்கத்து ஆண்டு மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே படம், கீழே நாலு வரி. அந்த நாலு வரி என் தலையில் விழுந்துவிட்டது. படத்தை உன் வீட்டுக்காரி ரேவதி கொடுத்தாள். உனக்குப் பிடிக்காத படம்தான், போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறாய். சட்டையில் கிரீஸ் இல்லாமல் நீ இருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான் என்கிறாள், நான் என்ன சொல்ல?

'உழைப்பின் சிகரமே' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். நீயா சிகரம்? டீ வந்தால் ஸ்டியரிங்குக்கு அடியில் பாதி வேலையைத் தொங்கவிட்டு இறங்கிப் போகிறவன். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் நாலு வரிக்குப் பதிலாக, போன மாதம் கடைக்கு வந்த ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். அது உன் சம்பந்தப்பட்டது. படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் கடைச் செய்தி. திருவரங்குளத்தில் அதே இடம், அதே தகரக் கூரை. வண்டிகள்தான் மாறிவிட்டன. நீ இருந்தபோது சன்ரூஃப் வைத்த கார் எப்போதாவது ஒன்று வரும், இரண்டு பேரும் எட்டிப் பார்ப்போம். இப்போது மூன்று கார் வந்தால் ஒன்றில் கூரையில் கண்ணாடி இருக்கிறது. நம்மூர் வெயிலுக்குக் கூரையைத் திறந்துகொண்டு யார் போகிறார்கள் என்று கேட்காதே. யாரும் போவதில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிறார்கள், பிள்ளைகள் தலையை நீட்டுகின்றன, மூடுகிறார்கள். மூடவில்லை என்றால் நம்மிடம் வருகிறார்கள்.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே, ஸ்கோப் ஒன்று வாங்க வேண்டும் என்று. வாங்கிவிட்டேன். ஒயருக்குள் ஓடுவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. "மீட்டர் போதும் மச்சான், நமக்கென்ன ஆஸ்பத்திரியா நடக்குது" என்று நீ சிரிப்பாய். மீட்டர் போதவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

புரட்டாசி மழை பிடித்த வாரம் கீரமங்கலம் சிவக்குமார் வந்தான். உனக்குத் தெரிந்தவன்தான், பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவன். அவனுடைய வெள்ளைக் காரின் கூரைக் கண்ணாடி முந்தின நாள் பாதி திறந்தபடி நின்றுவிட்டது, இன்னும் மோசமாகிவிடும் என்று பயந்து காலையில் சுவிட்சையே தொடவில்லை. அதன் மேல் நீலத் தார்ப்பாயை மடித்துப் போட்டு, நான்கு கதவுக்குள்ளும் கயிற்றை விட்டுக் கட்டியிருந்தான். டிரைவர் இறங்க வேண்டும் என்றால் முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். உள்ளே சீட்டெல்லாம் ஈரம். மல்லிகை மணமும் ஈரத் துணி நாற்றமும் சேர்ந்து வந்தன.

"பழனிச்சாமி பண்ணுன வேலைண்ணே. ஆடியில மேல் துணி மாத்துனாரு, அதுலேர்ந்துதான் இப்பிடி. காலையில நல்லா வேலை செய்யுது, உச்சி வெயிலு ஏறுனா செத்துப் போகுது. நீங்கதான் போன்லயே சொன்னீங்களே."

ஆமாம், சொன்னேன். பழனிச்சாமி கீரமங்கலத்தில் கார் சீட் கவரும் உட்கூரைத் துணியும் மாற்றிக் கொடுக்கிறவர். காரைப் பார்க்காமலே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "துணியைக் கழட்டுனவரு ஒயரை நசுக்கியிருப்பாரு" என்று ஒரு வார்த்தை விட்டேன். சிவக்குமார் அதைப் பூச்சந்தை முழுக்க, திருவரங்குளத்துச் சந்திரன் அண்ணனே சொல்லிவிட்டார் என்று பரப்பியிருக்கிறான். பூ ஏற்றும் வேன்காரர்கள் சீட் தைக்கப் பழனிச்சாமியிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் பங்காளிகள் வேறு. சிவக்குமார் வீட்டுக் காதுகுத்துக்குப் பழனிச்சாமி குடும்பத்துக்குப் பத்திரிகை போகவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கார் மட்டும்தான் என் முன்னால் நின்றது.

காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டினேன். 'சன்ரூஃப் கன்ட்ரோலுடன் தொடர்பு இல்லை' என்று பதிவாகியிருந்தது. அதை வைத்து உருக்கமாக ஒரு பத்தி எழுதலாம். எழுதமாட்டேன், பயப்படாதே.

தொடர்பு இல்லை என்றால் கூரையில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்வது? பெரிய சர்வீஸ் சென்டரில் ஏற்கெனவே அந்தப் பெட்டியையே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புதுப் பெட்டி இரண்டு நாள் வேலை செய்துவிட்டு அதுவும் வாயை மூடிக்கொண்டது. பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. எர்த் சுத்தமாக இருந்தது. மிச்சம் ஒரே ஒரு ஒயர்.

அந்த ஒயரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், நாம் இருவரும் அப்போது அறியாதது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் பெரிய பெட்டி, கூரையில் இருக்கும் சன்ரூஃப் பெட்டி, முன் கண்ணாடியில் மழையைக் கண்டுபிடிக்கும் சென்சார், மூன்றும் பேசிக்கொள்வது இந்த ஒற்றை ஒயரில்தான். திற, மூடு, மழை வருகிறது, எல்லாம் இதில்தான் போகும். யாரும் பேசாதபோது அது பேட்டரி அளவில், பன்னிரண்டு வோல்ட்டில், சும்மா நிற்கும். பேசும்போது விட்டு விட்டுக் கீழே இறங்கி ஏறும். எங்காவது ஓர் இடத்தில் இந்த ஒயர் காரின் தகர பாடியில் ஒட்டினால் போதும், மூன்று பேருக்கும் வாய் அடைத்துவிடும்.

காரை மதியம் வரை வெயிலில் நிறுத்தினேன். பன்னிரண்டரை மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி செத்தது. ஸ்கோப்பில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மழை சென்சாரைக் கழற்றினேன், கோடு எழவில்லை. சன்ரூஃப் பெட்டியின் கப்ளரைப் பிடுங்கினேன், எழவில்லை. டாஷ்போர்டு பக்கமும் கழற்றிவிட்டு, ஒயரை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் அது பாடியோடு ஒட்டியிருந்தது. ஆக, பெட்டி எதுவும் குற்றவாளி இல்லை. கூரைத் துணிக்குள் எங்கோ ஒயர் தகரத்தைத் தொடுகிறது. பழனிச்சாமிதான் நசுக்கியிருக்கிறார் என்று எனக்குள் ஒரு திருப்தி வந்ததை மறைக்கமாட்டேன். பார்க்காமல் சொன்னது பலித்துவிட்டது என்கிற திருப்தி.

துணியின் ஓரத்தைக் கவனமாக இறக்கினேன். பழனிச்சாமி வேலை சுத்தமாக இருந்தது. ஒயர் எதுவும் நசுங்கவில்லை, ஒவ்வொரு கிளிப்பும் அதனதன் இடத்தில் இருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே போனேன். சன்ரூஃப் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் அந்த ஒயரில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் துண்டு ஒயர் பிரிந்து தொங்கியது. அதன் நுனியில் சுற்றியிருந்த டேப் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிட்டது. செம்பு வெளியே தெரிந்தது. கூரை சூடேறும்போது அது போய்த் தகரத்தில் படுத்துக்கொள்கிறது.

ஒட்டு மட்டும் உறுதியாக இருந்தது. மஞ்சள் டேப். கடைசிச் சுற்றில் நுனியை மடித்து ஒரு சின்னக் காது விட்டிருந்தது.

இந்த மாவட்டத்தில் எத்தனை எலக்ட்ரீசியன் இருக்கிறார்களோ தெரியாது. டேப்பில் காது விடுகிறவன் நீ ஒருத்தன்தான். "நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்தால சொரண்டக் கூடாதுல்ல மச்சான்" என்பாய். அன்றைக்குப் பிரித்தவன் நான். நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கவில்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏன்டா இதை எடுக்காமல் விட்டாய் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வைகாசியில் சிவக்குமார் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டுக் கார்தான் போக வேண்டும். மாப்பிள்ளை கூரையைத் திறந்துகொண்டு நிற்பார், அவர் முகம் தெரிய ஓட்டையைச் சுற்றி நீல லைட் வேண்டும் என்றான். கார் முழுக்க மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே நாம் உள்ளே வேலை செய்தோம். பக்கத்தில் கிடைத்த ஒயரில் லைட்டைக் கொடுத்தோம், மங்கலாக எரிந்தது. நீ லைட்டுக்குப் போன ஒயரை வெட்டி, ஒட்டில் மிஞ்சிய துண்டின் நுனியில் டேப் சுற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, ரூம் லைட் ஒயரிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். பளிச்சென்று எரிந்தது. மிஞ்சிய துண்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றோம். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

சிவக்குமார் எதிர் டீக்கடையில் இருந்தான். கடையில் நான் மட்டும். அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, துணியை ஏற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. நம் கடைப் பலகையில் இன்னும் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. பழனிச்சாமி பெயர் ஏற்கெனவே கெட்டுவிட்டது, புதிதாகக் கெடுவதற்கு எதுவும் இல்லை. இப்படியெல்லாம் யோசித்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

சிவக்குமார் வந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, அந்த ஆளு வேலைதானே?"

"இல்ல. பழனிச்சாமி சுத்தமாத்தான் செஞ்சிருக்காரு."

"பின்ன யாரு?"

"சேகரு. ஒந் தங்கச்சி கல்யாணத்துக்கு லைட்டுப் போட்டோம்ல, அதுல விட்ட துண்டு."

உன் பெயரைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "பாவம், போயிச் சேந்துட்டாரு. அவரு மேல என்னத்தச் சொல்ல? விடுங்கண்ணே" என்றான். அவ்வளவுதான். ஒட்டைப் பிரித்து ஒயரைச் சரி செய்து, சன்ரூஃபுக்கு அதன் எல்லையை மறுபடி கற்றுக்கொடுத்தேன். சுவிட்சை அழுத்தியபடியே இருந்தால் கண்ணாடி ஒருமுறை முழுக்கத் திறந்து, முழுக்க மூடும். மூடியது. தார்ப்பாயை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் நானே கீரமங்கலம் போனேன். வாய் தவறியவன் நான், போய்ச் சொல்லத்தானே வேண்டும்? பழனிச்சாமி பழைய வேன் சீட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து பிடுங்கினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடுங்கினார்.

"உள்ள ஒரு ஒயரு தொங்குதுன்னு அன்னைக்கே சிவக்குமாருக்கிட்ட சொன்னேன். ஒங்களுக்கும் போன் அடிச்சேன். எடுக்கல."

அது உண்மை. அறிமுகமில்லாத நம்பர் என்று விட்டிருந்தேன்.

"நீங்கதான் நசுக்கினீங்கன்னு நான் சொன்னது தப்புங்க. சிவக்குமாருக்கிட்ட சொல்லிட்டேன். சேகரு போட்ட ஒட்டு அது."

அவர் அப்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப என் தலையிலேர்ந்து எடுத்துச் செத்தவரு தலையில வச்சுட்டீங்க. நல்லதுதான். அவரு எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப் போறாரு?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தவனைப் பார்த்து இப்படியா பேசுவது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். ஆனாலும் வேலை நடந்தது. சிவக்குமார் சந்தையில் மாற்றிச் சொல்லிவிட்டான். வேன்கள் பழனிச்சாமியிடம் திரும்பிப் போகின்றன. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ரேவதி உன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அதற்கு அடுத்த வாரம். உள்ளே வந்து உன் ஸ்டூலைப் பார்த்தாள், உட்காரவில்லை, நின்றபடியே கேட்டாள்.

"பூ வாங்கப் போனேண்ணே. அவரு போட்ட ஒயராலதான் சிவக்குமாரு காரு நாசமாப் போச்சாமேன்னு அங்கிட்டு ஒரு அம்மா கேக்குது. நெசமாண்ணே?"

மேசை இழுப்பறையில் அந்தத் துண்டையும் ஒட்டிலிருந்து பிரித்த டேப்பையும் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். டேப்பின் காதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு டேப்புத்தான்" என்றாள். "அவரு செஞ்சதுன்னா அவரு செஞ்சதுன்னே சொல்லுங்க, அதுல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேண்ணே. இந்த ஒயர்ல கரண்டு இருக்குன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? கிட்டத்துல வச்சா எழுத்தே தெரியாதே அவருக்கு. கல்யாணப் பத்திரிகையக்கூட நான்தானே படிச்சுச் சொல்லுவேன்."

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறாயா? தெரிந்துதான் கேட்டாளா?

கண்ணாடி போடச் சொன்னால் வயசாகிவிட்டது என்று அர்த்தம் என்பாய். அதனால் நம் கடையில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. மீட்டர் முனையை ஒயரில் வைப்பது நீ, எண்ணைப் படிப்பது நான். எத்தனை வருஷம் அப்படி வேலை செய்தோம்? எனக்கு அதுவே பழகிப்போய், ஞாபகத்திலிருந்து என்னை நானே கழற்றி எடுத்துவிட்டேன் போல. சிவக்குமாரிடம் 'லைட்டுப் போட்டோம்' என்றுதான் சொன்னேன். ஆனால் 'யாரு' என்று கேட்டபோது உன் பெயரை மட்டும் சொன்னேன்.

இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. முன் சீட்டில் முழங்காலிட்டுக் கூரை ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தாய். நான் பின் சீட்டில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். சாவி போடவில்லை. காரில் எதுவும் விழித்திருக்கவில்லை, அந்த ஒயரில் யாரும் பேசவில்லை. நீ முனையை வைத்துவிட்டுக் கேட்டாய்.

"எவ்வளவு மச்சான்?"

"பன்னெண்டு. குடு."

பன்னிரண்டு காட்டுகிற ஒயரெல்லாம் கரண்ட் ஒயர் என்று நினைத்தவன் நான். சாவியைப் போட்டு இன்னொரு முறை பார்ப்போம் என்று நான் சொல்லியிருந்தால், எண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியிருக்கும். ஆடுகிற ஒயரில் நீ கை வைத்திருக்கமாட்டாய், அந்த அளவுக்கு உனக்குத் தெரியும். துண்டை எடுக்காமல் விட்டது நம் இருவருடைய தப்பு. அந்த ஒயரைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு. பழனிச்சாமி சரியாகத்தான் சொன்னார். மறுத்துப் பேச வரமுடியாத ஆளாகப் பார்த்துத் தலையில் வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. நீ இருந்திருந்தால் சந்தையே கேட்கிற மாதிரி, "நம்பரு சொன்னது யாருன்னு கேளுங்கய்யா" என்று கத்தியிருப்பாய். அந்தச் சத்தம் இல்லாததுதான் இந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பெரிய கஷ்டம். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கத்துவதில்லை.

மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் வருகிற வெள்ளிக்கிழமை, சந்தை கூடுகிற நேரத்தில் கீரமங்கலம் போகிறேன். சிவக்குமாரையும் பழனிச்சாமியையும் ஒரே இடத்தில் நிற்கவைத்து, மீட்டர் பிடித்த கதையைச் சொல்வேன். உன்னைப் பற்றி ரேவதியிடம் கேட்ட அந்த அம்மாவின் பூக்கடையைக் கண்டுபிடித்து அங்கேயும் சொல்வேன். ரேவதியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் காதால் கேட்கட்டும். இந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று சங்கத்தில் சொன்னால், உன் படத்தைச் சின்னதாக்கச் சொல்லிவிடுகிறேன். அதில் உனக்குச் சந்தோஷம்தான் இருக்கும்.

டேப்பின் காதை இப்போது நானும் மடித்துவிடுகிறேன். சாவி போட்டும் பார்க்கிறேன், சாவி போடாமலும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பன்னெண்டு என்று சொன்ன உன் மச்சான்,
சந்திரன்